ஜெரோமின் மாத்திரையும் எங்கள் நிர்வாகத்தின் கருணையும்

தொழில் வரலாற்றை யாராவது ஒழுங்காக எழுதினால், முதல் அத்தியாயம் பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கும் எங்கள் பம்ப் கம்பெனிக்குத்தான். ஒரு தொழிலாளியின் உடல்நலத்துக்காக ஒன்பது கூட்டம் போட்ட நிறுவனம் உலகில் வேறு இல்லை. மனிதவள மேலாளர் என்ற முறையில் ஒன்பதுக்கும் டீ சொன்னவன் நான்.

லேத் ஓட்டும் ஜெரோமுக்கு வலிப்பு உண்டு. மூன்று வருடமாக ஒரு புது மாத்திரை சாப்பிடுகிறான். வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. செலவை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்று வந்தது. இந்த ஆண்டு அதன் அதிகாரி சீனிவாசலு ஓர் அரிய உண்மையைக் கண்டுபிடித்தார்: மூன்று வருடம் வராத நோய் நோயே அல்ல, ஆகவே மாத்திரை ‘அநாவசியம்’. வேண்டுமானால் பழைய மலிவு மாத்திரை சாப்பிடட்டும் என்றார். அதைச் சாப்பிட்டால் தூக்கம் வரும். லேத்தில் தூங்குவது எங்கள் விதிகளுக்கு முரண்.

நாங்கள் விடுவோமா? புது மாத்திரை சாப்பிடாத ஜெரோமை லேத் பக்கம் விடமாட்டோம் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கண்டிப்பாக எழுதினோம். அவர்கள் ‘தங்கள் அக்கறையை மெச்சுகிறோம்’ என்று எழுதி, பணம் தர மறுத்தார்கள். நாமே வாங்கிக் கொடுக்கலாமே என்ற யோசனை எந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலும் இல்லை.

ஜெரோம் என் அறைக்கு வந்தான்.

“ஏனுங்க சார், மாத்திரை போடாட்டி வேலை இல்லீங்கறீங்க. வேலை செய்யற அளவுக்கு நல்லாத்தான இருக்கான், மாத்திரை எதுக்குன்னு அவிய கேக்கறாங்க. நா எந்தப் பக்கமுங்க போறது?”

பத்தாவது கூட்டம் தேவைப்படவில்லை. முதலாளி காளிச்சாமி இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

“எங்கய்யன் காலத்துல மாத்திரையா இருந்துச்சு? கையில ஒரு சாவிக்கொத்தக் குடுத்தா வலிப்பு நின்னுபோகுது, கண்ணு.”

மறுநாளே ஆறு லேத்துக்கும் பக்கத்தில் ஆணியடித்து, சந்தனம் வைத்து, இரும்புச் சாவிக்கொத்துகள் மாட்டப்பட்டன. சுற்றறிக்கை நான் எழுதியதுதான். சீனிவாசலு அதன் நகலைக் கேட்டு வாங்கி, ‘நிறுவனமே மாற்றுச் சிகிச்சை வழங்கிவிட்டதால்’ என்று எழுதிக் கோப்பை மூடினார். ஜெரோமும் லேத்துக்குத் திரும்பினான்.

மீதியிருந்த மாத்திரைகளை நாள் விட்டு நாள் போட்டுக்கொள்வதாக என்னிடம் சொன்னான். பார்த்து நடந்துகொள் என்று ‘அறிவுரை’ வழங்கினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை லேத் ஓடும்போதே வலிப்பு வந்தது. எங்கள் ஆட்களின் பயிற்சியைப் பாராட்ட வேண்டும். ஆறு சாவிக்கொத்தும் அரை நிமிடத்தில் வந்து சேர்ந்தன. லேத்தை நிறுத்தத்தான் யாருக்கும் தோன்றவில்லை. வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

இழப்பீடு கேட்டோம். மருத்துவர் சொன்னபடி தினமும் மாத்திரை சாப்பிடாதது ஊழியரின் கவனக்குறைவு என்று இன்சூரன்ஸ் மறுத்தது. இந்த முறை நிர்வாகத்துக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடே இல்லை. விபத்துப் படிவத்தை எடுத்துக்கொண்டு நானே ஆஸ்பத்திரிக்குப் போய், இடதுகைப் பெருவிரல் ரேகை வாங்கினேன்.

ஜெரோம் மை துடைத்தபடி கேட்டான்: “காரணம் யாருன்னு கேட்ட எடத்துல எம்பேரத்தானுங்க எழுதிருக்கறீங்க?”

ஆமாம் என்றேன். அந்தக் கட்டத்தில் ஒரு பெயர் எழுதத்தான் இடம் இருந்தது. நாங்களோ, சீனிவாசலுவையும் சேர்த்து, மூன்று பேர்.