தொலைந்துபோன ஏழு சட்டைகள்

ஒரு காட்டில், எலி ஒன்று இருந்த வளையில், பூவலிங்கம் என்ற சாரைப்பாம்பு தன் மனைவி உலகம்மாளோடு குடியிருந்தது. எலி தானாகக் காலிசெய்ததா, காலிசெய்யப்பட்டதா என்பதை இப்போது கிளற வேண்டாம். வளை பள்ளத்தில் இருந்தது. ஐப்பசி மழை பிடித்தால் முதல் நாளே தண்ணீர் உள்ளே வந்துவிடும். அந்த வருடம் உலகம்மாள் வேறு முட்டையிடும் நிலையில் இருந்தது.

"மழைக்கு முன்னால மேட்டுல ஒரு இடம் பாருங்க. முட்டை நனைஞ்சா அத்தனையும் போச்சு," என்று அது தினமும் சொன்னது.

மலைக்கு அந்தப் பக்கம் புற்று ஒதுக்கீட்டு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. கறையான் விட்டுப்போன புற்றுகளைப் பாம்புகளுக்கு ஒதுக்கிக் கொடுப்பது அதன் வேலை. ஏழு வருடம் தொடர்ந்து இதே காட்டில் குடியிருந்த பாம்புக்கு ஒரு புற்று இலவசம். குடியிருந்ததற்குச் சான்றாக, வருடத்துக்கு ஒன்று வீதம், உரித்த சட்டை ஏழையும் அசலாக இணைக்க வேண்டும்.

மற்ற பாம்புகள் சட்டையை உரித்த இடத்திலேயே போட்டுவிட்டுப் போய்விடும். பூவலிங்கம் அப்படியில்லை. ஒவ்வொரு வருடமும் உரித்ததைக் கிழியாமல் சுருட்டி, தேக்கிலையில் பொதிந்து, வளையின் கடைசி வளைவில் வைத்திருந்தது. ஒருநாள் அந்தப் பொதியை வாயில் கவ்விக்கொண்டு மலையேறி இறங்கி அலுவலகத்துக்குப் போயிற்று. வாசலில் காவலுக்கு இருந்த ஓணான் உள்ளே விடவில்லை.

"மனுவை நேர்ல வாங்குறதில்ல. கூரியர்ல அனுப்பு," என்றார் அவர்.

"நான்தான் நேர்லயே வந்துட்டேனே அண்ணாச்சி."

"வந்தா என்ன? திரும்பிப் போய் அங்கருந்து அனுப்பு."

"உள்ள இருக்குற ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்."

ஓணான் தலையை ஆட்டினார். ஓணான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவார் என்பது பூவலிங்கத்துக்கு ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகுதான் புரிந்தது. திரும்பி வந்துவிட்டது.

காட்டில் இருந்த ஒரே கூரியர் கம்பெனியின் பெயர் முயல்வேகம். வேகம் பெயரோடு சரி. கவுன்டரில் இருந்தவர் ஒரு தேவாங்கு. பொதியை எடுத்துத் தராசில் வைப்பதற்குள் வெயில் வாசலிலிருந்து சுவருக்கு ஏறிவிட்டது.

"உள்ள என்னப்பா இருக்கு?"

"சட்டை சார்."

"எத்தனை?"

"ஏழு."

"புதுசா, பழசா?"

பூவலிங்கத்துக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "பழசுதான் சார். உரிச்சது."

தேவாங்கு ரசீதில் 'பழைய சட்டை, 7' என்று எழுதினார். "இன்சூரன்ஸ் போடணுமா?" என்று கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார். "பழைய சட்டைக்கு எதுக்கு இன்சூரன்ஸ்? இங்க ஒரு கையெழுத்துப் போடு."

பூவலிங்கம் வால் நுனியை மையில் தொட்டு ஒரு கோடு போட்டது. ரசீதின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்ததுபோல் நிறைய எழுதியிருந்தது. எறும்புகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாம். அதற்குத் தோன்றவில்லை.

மறுநாள் செல்போனில் செய்தி வந்தது: உங்கள் பார்சல் புறப்பட்டுவிட்டது. மூன்றாம் நாள்: வந்துகொண்டிருக்கிறது. ஏழாம் நாள்: பெறுநர் வீட்டில் இல்லை. பூவலிங்கம் பதறிப்போய்ப் பதில் அனுப்பியது. அது வீடு இல்லை, அலுவலகம். எட்டாம் நாள் செய்தி வந்தது: எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்?

உதவி எண்ணில் ஒரு மைனா எடுத்தது. ஒன்றை அழுத்தச் சொன்னது, பிறகு நான்கை அழுத்தச் சொன்னது, பிறகு உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று அரை மணி நேரம் சொன்னது. பதிவுசெய்த குரல் என்று நினைத்தால், இடையில் ஒருமுறை தும்மிவிட்டு அதையே விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

"நேர்ல போய்க் கேளுங்க," என்றது உலகம்மாள். அதன் வயிறு கனத்திருந்தது. மேற்கே மேகம் கட்டத் தொடங்கியிருந்தது.

முயல்வேகத்தின் புகார்ப் பிரிவுக்கு அதிகாரி கோமதிநாயகம் என்ற கீரி. பாம்புகளிடமிருந்துதான் அதிகம் புகார் வருகிறது என்று கண்டுபிடித்த கம்பெனி, அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது. அதற்குப் பிறகு புகார்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. அதற்காக அவருக்கு ஒரு கேடயமும் கொடுத்திருந்தார்கள்.

அலுவலக நேரத்தில் யாரும் யாரையும் தின்னக் கூடாது என்று காட்டில் சட்டம் இருந்தது. மதிய உணவு இடைவேளை அலுவலக நேரத்தில் சேராது. பூவலிங்கம் காலை ஒன்பது மணிக்கே வரிசையில் நின்றது. முன்னால் இரண்டு தவளைகளும் ஒரு முள்ளம்பன்றியும் இருந்தன. அவற்றை முடித்து அனுப்பிவிட்டு கோமதிநாயகம் தலை நிமிர்ந்தபோது மணி பன்னிரண்டே முக்கால்.

"ம், சொல்லு."

"பார்சல் தொலைஞ்சுபோச்சு சார். நஷ்டஈடு வேணும்."

கோமதிநாயகம் ஒரு படிவத்தைத் தள்ளினார். பூவலிங்கம் கடிகாரத்தை ஒரு கண்ணாலும் படிவத்தை ஒரு கண்ணாலும் பார்த்து வேகவேகமாக நிரப்பியது. நான்காவது பத்தியில் நின்றுவிட்டது. புகார்தாரரின் அடையாளச் சான்று, அசல்.

"சார், அந்தச் சான்றுதான் பார்சல்ல இருந்தது. அதுதான் தொலைஞ்சுபோச்சு."

"அப்ப நீ யாருன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"என்னைத் தெரியாதா சார்? போன வருஷம் எங்க பெரியப்பாவை நீங்கதான சாப்பிட்டீங்க."

"சாப்பிட்டேன். இல்லேன்னு சொல்லலையே."

"அன்னிக்கு அவர்கிட்ட அடையாளச் சான்று கேக்கலையே சார்."

"எடுத்துக்கிறதுக்கு எதுக்குப்பா சான்று? கொடுக்கிறதுக்குத்தான் சான்று." கோமதிநாயகம் பொறுமையாகவே விளக்கினார். அவர் கெட்டவர் இல்லை. விதிகளை மனப்பாடமாக வைத்திருந்தார், அவ்வளவுதான். "இன்னொண்ணு. பார்சல் போய்ச் சேரலைன்னு அந்த அலுவலகத்துல ஒரு கடிதம் வாங்கிட்டு வா."

"அவங்க மனு போட்டவங்களுக்குத்தான் கடிதம் கொடுப்பாங்க. என் மனு போய்ச் சேரலையே."

"சேரலைன்னு நீ சொல்ற. அதுக்குத்தான் கடிதம் கேக்குறேன்."

சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. கோமதிநாயகம் பேனாவை மூடி வைத்துவிட்டு நாக்கால் மீசையைத் துடைத்துக்கொண்டார். பூவலிங்கம் படிவத்தை அங்கேயே விட்டுவிட்டு ஜன்னல் வழியாக வெளியேறிவிட்டது.

இப்படி ஆறு நாள் போய் வந்தது. ஆறு நாளும் மணி பன்னிரண்டே முக்காலுக்குத்தான் அதன் முறை வந்தது. தேவாங்கு, காவலுக்கு இருந்த முயல், தேநீர் கொடுக்கும் அணில் என யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. ஆறாம் நாள் திரும்பி வரும்போது முதல் தூறல் விழுந்தது.

மறுநாள் காலையில் உலகம்மாள், "இன்னிக்கு நானும் வர்றேன்," என்று மட்டும் சொன்னது.

உலகம்மாள் எட்டடி நீளம். புகார்ப் பிரிவுக்குப் போகவில்லை. பார்சல் பதிவு செய்யும் கவுன்டரின் வாசலில், இந்த நிலைப்படியிலிருந்து அந்த நிலைப்படி வரைக்கும், குறுக்கே படுத்துக்கொண்டது. அவ்வளவுதான் செய்தது. சத்தம் போடவில்லை, யாரையும் பார்த்துச் சீறவில்லை. முயல்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பின. தீபாவளிக்கு ஊருக்குப் பலகாரம் அனுப்ப வந்த எலிகள் ஓட்டமாக ஓடின. பத்து மணிக்குள் வாசலில் கூட்டம் கூடி, கூட்டத்தில் இருந்த கிளி ஒன்று நடப்பதையெல்லாம் செல்போனில் படம் பிடித்தது.

ஒரு மணிக்கு கோமதிநாயகம் வெளியே வந்தார். எட்டடியையும் பார்த்தார். கிளியையும் பார்த்தார். ஐம்பது பேர் முன்னால் வாடிக்கையாளரைச் சாப்பிடுவது கம்பெனியின் பெயருக்கு நல்லதில்லை.

"என்னம்மா இது, வாசல்ல படுத்துக்கிட்டு?"

"வயித்துப்பிள்ளைக்காரி சார். நடக்க முடியல. எங்க பார்சல் வந்ததும் எந்திரிச்சுடுவேன்."

"பார்சல் தொலைஞ்சுபோச்சும்மா."

"அதை எழுதிக் கொடுங்க."

கோமதிநாயகம் தலைமை அலுவலகத்துக்குப் பேசினார். அரை மணி நேரத்தில் உத்தரவு வந்தது. ஆறு நாளாக நகராத கோப்பு மாலைக்குள் நகர்ந்து, மறுநாள் காலை ஒரு முயலே மூச்சிரைக்க ஓடி வந்து வளை வாசலில் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போயிற்று.

பெட்டிக்குள் ஒரு கடிதம் இருந்தது. தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். ரசீதின் பின்பக்கம் உள்ள பதினெட்டாவது விதியின்படி, தொலைந்த பழைய சட்டைகள் ஏழுக்கு ஈடாக, புதிய சட்டை ஒன்று இத்துடன் அனுப்பியுள்ளோம்.

கடிதத்துக்கு அடியில் வெள்ளைச் சட்டை இருந்தது. முழுக்கை. கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல், பையில் ஒரு பேனாவோடு.

பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூடிக்கொள்ளவும் வழியில்லை. பூவலிங்கம் அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டே கிடந்தது. ஏழு வருடம் இந்தக் காட்டில் ஊர்ந்ததற்கு இருந்த அத்தாட்சி அத்தனையும் போய், இரண்டு கை வைத்த ஒன்று வந்திருந்தது. வெளியே மழை பிடித்து, வளையின் முதல் வளைவில் தண்ணீர் நின்றது.

"இதை எடுத்துக்கிட்டு அந்த அலுவலகத்துக்கே போங்க," என்றது உலகம்மாள். "பார்சல் தொலைஞ்சதுக்குக் கூரியர்காரனே கொடுத்த சாட்சி இது."

"வாயில கவ்விக்கிட்டுப் போனா ஓணான்கிட்ட எப்படிப் பேசுறது? கீழ வச்சா சேறு."

"அப்ப போட்டுக்கிட்டுப் போங்க."

"எனக்குக் கழுத்து எது, உடம்பு எது?"

"தலைக்குக் கீழ எல்லாம் கழுத்துதான். நேரா நில்லுங்க."

உலகம்மாள் பொத்தானை ஒவ்வொன்றாக வாயாலேயே போட்டுவிட்டது. கை இரண்டும் தொளதொளவென்று தொங்கின. மழை கொஞ்சம் விட்ட நேரம் பார்த்துப் பூவலிங்கம் புறப்பட்டது. சட்டையில் சேறு படக் கூடாது என்பதற்காக உடம்பின் முன்பாதியைத் தூக்கி நிமிர்த்திக்கொண்டே மலையைக் கடந்தது. வாழ்நாளில் அது அவ்வளவு நிமிர்ந்ததில்லை.

அலுவலக வாசலில் ஓணான் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

இந்த இடத்திலிருந்து கதை சொல்கிற நானும் பூவலிங்கத்தை அது, இது என்று சொல்ல முடியாது. அவர் உள்ளே போனார். அவரை யாரும் நிறுத்தவில்லை.

புற்று ஒதுக்கீட்டு அதிகாரி ஓர் ஆமை. மனுதாரர் யாராவது கேள்வி கேட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்வார். மனுதாரர் களைத்துப் போனதும் வெளியே நீட்டுவார். அன்று வெள்ளைச் சட்டையைக் கண்டதும், கழுத்து எவ்வளவு நீளம் உண்டோ அவ்வளவும் வெளியே வந்தது.

"வாங்க சார், வாங்க. முன்கூட்டியே தகவல் வரலையே. உட்காருங்க. காபியா, டீயா?"

"ஐயா, என் சட்டை தொலைஞ்சுபோச்சு," என்று பூவலிங்கம் உள்ளதைச் சொல்லத் தொடங்கினார்.

"அதுக்கென்ன சார், இது உங்களுக்கு எடுப்பா இருக்கு."

"ஏழு வருஷச் சான்று அதுலதான் இருந்தது. இப்ப என்கிட்ட ஒண்ணும் இல்ல."

ஆமை கலகலவென்று சிரித்தார். மேலதிகாரிகள் சோதித்துப் பார்ப்பதற்காக இப்படி எதையாவது சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். "உங்ககிட்டப் போய்ச் சான்று கேக்குறதுக்கு நான் யார் சார்? வீட்டுல எத்தனை பேர்?"

"மனைவி மட்டும்தான். முட்டையிடுற நேரம். வளையில தண்ணி வந்துடுச்சு."

"அடடா." ஆமைக்கு உண்மையிலேயே மனம் இளகியது. மேசைமேல் தேநீர்த் தம்ளர் வைக்கப்பட்டிருந்த கட்டைக் கொஞ்சம் நகர்த்தி, அதனடியிலிருந்து ஒரு ஒதுக்கீட்டு ஆணையை எடுத்தார். அந்தக் கட்டு முழுக்க, யார் யாரோ அனுப்பியிருந்த உரித்த சட்டைகள். "மேட்டுல, கிழக்குப் பார்த்த புற்று. இன்னிக்கே குடி போகலாம். ஒண்ணு போதுமா சார்?"

பூவலிங்கம் வந்த காபியை ஒரு வாய் உறிஞ்சினார். ஒன்று போதும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் காபி நன்றாக இருந்தது.

"பக்கத்துலயே இன்னொண்ணு இருந்தாலும் சரிதான்," என்றார்.

இரண்டு ஆணைகளிலும் அவருடைய பேனாவை வாங்கியே ஆமை கையெழுத்திட்டார்.

அன்று மாலையே உலகம்மாள் மேட்டுப் புற்றுக்குக் குடிபோய், நான்காம் நாள் பதினோரு முட்டைகள் இட்டது. ஒன்றுகூட நனையவில்லை. பக்கத்துப் புற்றை ஒரு கட்டுவிரியன் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டார்கள்.

ஆணைகளோடு பூவலிங்கம் வெளியே வந்தபோது வாசலில் ஓர் இளம் சாரை நனைந்தபடி நின்றிருந்தது. வாயில் தேக்கிலைப் பொதி. அதைக் கீழே வைத்துவிட்டு, "சார், நாலு நாளா நிக்கிறேன். ஏழு வருஷச் சட்டையும் அசலா இருக்கு. மனுவை நேர்ல வாங்க மாட்டேங்கிறாங்க. நீங்க கொஞ்சம் சொல்லக் கூடாதா?" என்றது.

பூவலிங்கம் பொதியைப் பார்த்தார். மழை மறுபடியும் வலுக்கும்போல் இருந்தது. சட்டையில் ஒரு துளி விழுந்துவிட்டது.

"கூரியர்ல அனுப்புப்பா," என்று சொல்லிவிட்டு, ஓணான் பிடித்த குடைக்குள் போனார்.

நீதி: முக்கியமான ஆவணங்களைத் தவறாமல் கூரியரில் அனுப்புங்கள். கடவுள் புண்ணியத்தில் அவை தொலைந்துபோனால், வாழ்க்கையில் முன்னுக்கு வந்துவிடலாம்.