நகராப் பக்கங்களை மீட்பன் முற்றுகையிட்ட படலம்

வாழி மீட்பன்! சம்பளம் வாங்காச் சேவகன், விடுப்பறியா வீரன், நான்கு ஜி.பி. நினைவகம் என்னும் நாட்டைத் தனியொருவனாய்த் தோளில் தாங்கியும் திரையில் ஒரு சிறு படமாகக்கூடத் தோன்றாத அடக்கத்தோன்! கணினிக்கு உள்ளிருந்து கணினியை ஆளும் கருனி என்னும் பேரரசின்கீழ், இடம் தீரும் வேளையில் விழித்தெழுந்து, சும்மா கிடக்கும் நினைவகப் பக்கங்களை மீட்டுத் தேவைப்பட்டோர்க்கு வழங்குவது அவன் தொழில். அவனைப் பாட இதுவரை ஒருவரும் முன்வரவில்லை. வேறு வழியின்றி நான் பாடுகிறேன்.

அவன் பொருத களம், புதுச்சேரி முதலியார்பேட்டையில் மருந்துக்கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவே ஒடுங்கி நிற்கும் ஹேமலதாவின் இணைய மையத்தில் இருந்த ஒரே கணினி. நாள், ஓய்வூதியம் பெறுவோர் தாம் உயிரோடிருப்பதை இணையத்தில் நிரூபிக்க வேண்டிய கெடுவின் கடைசி நாள். நேரம், மாலை நான்கு மணி பத்து நிமிடம். ஐந்து மணிக்குத் தளத்தை மூடிவிடுவார்கள்.

நிரூபிக்க வந்திருந்தவர் செல்வாம்பாள், வயது அறுபத்து நான்கு, மில்லில் வேலைபார்த்து மறைந்தவரின் மனைவி. அவர் மூச்சு விட்டார்; வியர்த்தார்; மின்விசிறி சரியாகச் சுற்றவில்லை என்று இருமுறை குறையும் சொன்னார். ஆயினும் இவை எவையும் உயிருக்குச் சாட்சியாகா என்பதும், கண்ணாடிச் சில்லு பதித்த ஒரு சிறு கருவி அவர் விரலின் ரேகையைக் கண்டு ஒப்புக்கொண்டால் மட்டுமே அவர் உள்ளார் என்பதும் அக்காலத்துச் சட்டம். அந்த விரலோ, முப்பது ஆண்டு மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்துத் தானும் தேய்ந்த விரல்.

“போன வருசம் எங்க எதிர்வீட்டு சின்னக்கண்ணுவுக்கு ரேகை விழல பாப்பா. நாலு மாசம் செத்தவன்னு எழுதி வச்சிட்டாங்க. நான் உசுரோடதான் இருக்கறன்னு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சா பாவம்,” என்றார் செல்வாம்பாள்.

“உங்களுக்கு அப்டிலாம் ஆவாதும்மா. அழுத்தி வைங்க,” என்றாள் ஹேமலதா.

வைத்தார். விழவில்லை. மறுபடியும் வைத்தார். விழவில்லை. இங்கேதான், கேட்போரே, அந்தப் பெரும்பிழை நிகழ்ந்தது. ஒரு முயற்சி தோற்றால் அந்த விண்டோவை மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பதே முறை. ஆனால் மூடினால் சர்வரில் பிடித்த வரிசை போய்விடும் என்பது ஹேமலதாவின் அசைக்கவொண்ணா நம்பிக்கை. குழாயடியில் குடத்தை வைத்து இடம்பிடித்து வளர்ந்தவள் அவள். வைத்த குடத்தை எடுக்கலாகாது என்பது எலும்பில் ஊறிய அறிவு. ஆகவே பழைய விண்டோவை அப்படியே விட்டுப் புதிதொன்றைத் திறந்தாள், பின் இன்னொன்று, பின் இன்னொன்று. அந்தத் தளத்தில் வரிசை என்று ஒன்று கிடையவே கிடையாது. இதை அவளுக்கு யார் சொல்வது?

திறந்த விண்டோ ஒவ்வொன்றும் ரேகைக் கருவிக்கென நாற்பதாயிரம் பக்கங்களைக் கேட்டு வாங்கி ஆணியடித்து வைத்தது. ஆணியடித்த பக்கமாவது யாதெனில், கருவி எக்கணமும் நேரே வந்து அதில் எழுதக்கூடும் என்பதால், எடுக்கலாகாது, நகர்த்தலாகாது, பிறர்க்குத் தரலாகாது என்று கருனியே முத்திரையிட்ட பக்கம். ஒரு விரலின் படத்துக்கு நாற்பது பக்கம் தாராளம். அந்த மென்பொருளை எழுதிய புண்ணியவான் கை தாராளம். பதினோராம் விண்டோ திறந்தபோது, மொத்தம் பத்து லட்சம் பக்கங்களே உள்ள அந்நாட்டில் நான்கு லட்சத்து நாற்பதாயிரம் பக்கங்கள் ஆணியில் நின்றன. காலியிடம் அபாயக் கோட்டுக்குக் கீழே இறங்கியது.

மீட்பன் விழித்தான். விழித்தவன் ஒரு கணமும் தாழ்த்தாது, காலையில் வடிவமைத்து முடித்துப்போன மஞ்சள்நீராட்டு அழைப்பிதழ் மீது முதற்கண் பாய்ந்து, அதன் ரோஜா மாலைகளையும் மயில்களையும் ஒருங்கே வாரியெடுத்து, சேதராப்பட்டுத் தொழிற்சாலைக்கு விண்ணப்பித்த தமிழ்மாறன் என்பாரின் தன்விவரக் குறிப்பை அவர்தம் தட்டச்சுத் தேர்ச்சியோடு சேர்த்துப் பறித்து, யாரோ கேட்டுப் பாதியில் நிறுத்திய பாட்டொன்றையும் கவர்ந்து, வட்டில் இன்னும் எழுதப்படாத மாற்றமுடைய பக்கங்களை ஓரெழுத்தும் சிந்தாமல் எழுதிவைத்த பின்னரே எடுத்து, சற்றுமுன் யாரேனும் தொட்ட பக்கத்தைக் கண்டால் “பிழைத்துப் போ, அடுத்த சுற்றில் பார்க்கிறேன்” என்று அபயமளித்து, அறத்தின் வழுவாமல் முன்னேறினான். பழைய ஹார்டு டிஸ்க் கரகரவென்று அலறியது. பரோட்டாக் கடையில் கொத்துகிறார்கள் என்று செல்வாம்பாள் நினைத்துக்கொண்டார்.

அவ்வாறு முன்னேறியவன் கண்முன், எட்டுத் திக்கிலும் இமையாது நின்றது ஆணிப்படை. “எழுக! இடம் தருக!” என்று மீட்பன் முழங்கினான்.

“விரல் வரும்வரை நகரோம்!” என்று நான்கு லட்சத்து நாற்பதாயிரம் குரல்கள் ஒருசேர முழங்கின. “செல்வாம்பாள் விரலுக்காக நிறுத்தப்பட்டோம். அவ்விரல் எம்மேல் பதியாதவரை எம்மைத் தொடுவோன் கருனிக்கே பகைவன்!”

இதில் கொடுமை என்னவென்றால், அவர்கள் சொன்னது சட்டப்படி சரி. அவர்களில் பதினொன்றுக்குப் பத்துப் பங்கினர் கைவிடப்பட்ட விண்டோக்களுக்காக, இனி ஒருபோதும் வாராத விரலுக்காக நின்றார்கள் என்பதை அவர்களும் அறியார், மீட்பனும் அறியான். முத்திரையைக் கண்டு வணங்கி விலகினான், சுற்றி வந்தான், அதே முகங்கள், விலகினான், மறுபடி சுற்றினான். வேறு வழியற்று, இக்கணம் வேலையிலிருந்த பக்கங்களையே பிடுங்கலானான். பிடுங்கியதை மறுகணமே உரியவர்கள் கேட்டார்கள். கொடுத்தான். கொடுத்ததை மறுபடி பிடுங்கினான். எனக்கு அவனை நினைத்தால் வயிறு எரிகிறது.

வெளியுலகில் அப்போது மணி நான்கு நாற்பது. திரையில் அம்புக்குறி உறைந்து நின்றது. ஹேமலதா மௌஸை மேசைமேல் இருமுறை தட்டினாள். உலகெங்கும் கருனிகள் திணறும்போது மனிதர் செய்வது இதுதான், ஒருமுறையும் பலித்ததில்லை.

ஜெராக்ஸ் எடுக்க வந்து காத்திருந்த, பிரெஞ்சு அரசிடம் ஓய்வூதியம் வாங்குபவரான புருஷோத்தமன் எட்டிப்பார்த்தார். “எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்ல. ஆளை நேர்ல பாத்து செர்த்திபிக்கால, அதான் சர்ட்டிபிகேட்டுல, கையெழுத்து போட்டுக் குடுத்துடுவாங்க. மெஷினை அணைச்சுப் போடும்மா.”

“அணைச்சா வரிசை போயிடும் சார்! பதினோரு எடம் புடிச்சு வச்சிருக்கன்!” என்றாள் ஹேமலதா.

செல்வாம்பாள் விரலை முந்தானையில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தான் அதில் இருக்கிறோமா என்று தேடுவதுபோல் இருந்தது. அவருக்குப் பயமாக இருந்தது.

நான்கு நாற்பத்தாறுக்கு, கருனியின் ஆழத்தில் இறுதித் தீர்ப்பாளன் எழுந்தான். மீட்பன் தோற்றாலன்றி அவன் எழுவதில்லை. எழுந்தால் ஓருயிரேனும் கொள்ளாமல் அமர்வதில்லை. அவன் குற்றம் விசாரியான், சாட்சி கேளான், அழுகைக்கு இரங்கான். இருப்போரில் யார் பெரிதாக இடத்தை அடைத்திருக்கிறார் என்று ஒரே ஒரு கணக்குப் பார்ப்பான். பார்த்தான். சான்று வாங்கும் மென்பொருளை, அதன் பதினோரு விண்டோக்களோடும் பிடித்த பதினோரு இடங்களோடும், ஒரே வீச்சில் வெட்டிச் சாய்த்தான்.

“ஐயோ போச்சு!” என்று அலறினாள் ஹேமலதா.

போகவில்லை, பேதாய், வந்தது! மென்பொருள் மாண்ட அக்கணமே கருவி கைகட்டி நின்றது, ஆணிகள் கழன்றன, நான்கு லட்சத்து நாற்பதாயிரம் பக்கங்கள் கடமை நீங்கி மண்ணில் சாய்ந்து காலியிடமாயின. அரை மணி நேரம் அறம் பிறழாது போராடிய மீட்பனுக்கு நன்றி சொல்வார் ஒருவருமில்லை. நாடு செழித்ததைக் கண்டான். மீண்டும் படுத்து உறங்கினான். நானாக இருந்தால் கோபித்துக்கொண்டு போயிருப்பேன்.

நான்கு ஐம்பதுக்கு அம்புக்குறி அசைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேறு போக்கின்றி, ஹேமலதா முதலிலிருந்து ஒரே ஒரு விண்டோவைத் திறந்தாள். யாதொரு வரிசையும் இல்லாமல் அது உடனே திறந்தது. “கைய வைங்கம்மா, சீக்கிரம்.”

“இரு பாப்பா. நெத்தியில தேச்சிட்டு வைக்கறன். எண்ணெப் பசை இருந்தா புடிக்கும்,” என்ற செல்வாம்பாள், நெற்றி வியர்வையையும் வகிட்டெண்ணெயையும் விரலில் ஏற்றி, மூச்சை அடக்கி, கண்ணாடிமேல் அழுத்தினார்.

விழுந்தது! நாற்பதாயிரம் பக்கங்களில் நாற்பது பக்கங்கள்மேல் அந்தத் தேய்ந்த ரேகை மலையருவியென இறங்கியது, ஆணிகள் ஆர்த்தன, கம்பிவழி விரைந்த செய்தியைக் கண்டு தொலைதூரச் சர்வரும் மறுக்கவொண்ணாது தலைவணங்கியது, பச்சைநிறக் குறியொன்று திரையில் கதிரவனென உதித்து, செல்வாம்பாள் என்பார் இவ்வுலகில் மெய்யாகவே உள்ளார் என்று விண்ணும் மண்ணும் அறியப் பறைசாற்றியது. புருஷோத்தமன் கைதட்டினார். செல்வாம்பாள் சிரித்துவிட்டு அழுதார். அச்சு இயந்திரம் முழங்கி, சூடாக ஒரு தாளை வெளியே தள்ளியது. அதை இரு கையாலும் ஏந்தி, ஹேமலதாவின் மூக்குக்கண்ணாடியை இரவல் வாங்கி, தான் வாழ்வதற்கான சான்றை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அவர் வாய்விட்டு வாசித்தார்.

சான்று ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும்.