எங்க மியூசியத்துக்கு ஃபைனல் செக்கிங்

அந்த ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். எங்க யுனிவர்சிட்டி மியூசியத்தைப் பாக்க ஒரு பஸ் நிறைய ஆள் பிடிக்கணும்.

மியூசியம்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க. கேன்டீன் பக்கத்துல ஒரு ரூம். உள்ள பட்டாளத்துக்காரர் பூட்ஸ், கிணத்துல தண்ணி இறைச்ச தோல் பை, நாலஞ்சு பானை, மூக்கு உடைஞ்ச கல் சிலை. நான் ஹிஸ்டரி டீச்சர். "உங்களுக்குத்தான் பழசுன்னா பிடிக்குமே"ன்னு அதையும் என் தலையில கட்டிட்டாங்க.

வர்றவங்கள்ல பாதிப் பேர் பாத்ரூம் எங்கன்னு கேக்க வர்றவங்க.

ஆனா அந்த ரூம் எனக்கு உயிரு. அது மேல எங்க ரெஜிஸ்ட்ராருக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு.

"ப்ளேஸ்மென்ட்டுக்கு வர்ற கம்பெனிக்காரங்க உக்கார எடம் இல்லம்மா. உங்க பானைங்க எங்க இருந்தா இன்னா, குடோன்ல இருக்கட்டுமே!"

நிதி வந்தா மியூசியம், வரலன்னா குடோன். அவ்ளோதான் பேச்சு.

தனித்தனியா கேட்டா யாரும் தர மாட்டாங்கன்னு, சுத்துப்பட்டு யுனிவர்சிட்டி மியூசியங்க எல்லாம் சேந்து ஒரு கூட்டமைப்பு ஆரம்பிச்சிருந்தோம். இதுவரைக்கும் எங்க சாதனை ஒரு வாட்ஸ்அப் குரூப். அதுல குட் மார்னிங் மட்டும் தவறாம வரும்.

நிதி தர்ற அறக்கட்டளை ஆன்லைன்ல ஒரு மீட்டிங் வெச்சாங்க. சென்னையில இருந்து ஒரு மதிப்பீட்டாளர் கேட்டார்: "உங்க மியூசியங்களுக்கு உள்ளூர் ஜனங்க வர்றாங்களா?"

டக்குனு எல்லாரும் மைக்கை அணைச்சுட்டாங்க. என்னுது மட்டும் ஆன்ல இருந்துச்சு.

"கூட்டம் தாங்கல சார்!"

சத்தியமா சொல்றேன், அது என் வாய்தான்.

"அப்படியா! ஞாயித்துக்கிழமை நேர்லயே வந்து பாக்குறேன். அதை வெச்சு எல்லா மியூசியத்துக்கும் முடிவு பண்ணிடலாம்."

அன்னிக்கு குரூப்ல முதல் தடவையா எனக்குன்னு தனியா குட் நைட் போட்டாங்க.

ஒத்துழைப்பைக் காட்டணுமேன்னு பக்கத்து யுனிவர்சிட்டி சம்பத் சார் அவங்க மியூசியத்தோட பழைய குதிரைச் சேணத்தைக் குடுத்தார். கூடவே அவரும் வந்துட்டார். "தொட்டுடாதீங்க மேடம். மூச்சைக் கூட கொஞ்சம் தள்ளி நின்னு விடுங்க."

அலமாரியில ஒரு இடம் மட்டும் பொக்கைவாய் மாதிரி காலியா இருந்துச்சு. வேலூர் லாங் பஜார் கடையில புதுசா ஒரு பித்தளைக் கூஜா வாங்கி வெச்சேன். லேபிள்ல 'காலம்: தெரியவில்லை'ன்னு எழுதினேன். பொய் இல்லைங்க. அதை எந்த மாசம் செஞ்சாங்கன்னு எனக்குத் தெரியாதுதானே!

பாக்கி ஜனங்கதான். எஸ்தர் அண்ணிக்கு போன் போட்டேன். என் வீட்டுக்காரரோட அக்கா. ஆம்பூர்ல ஷூ கம்பெனியில செக்கிங் செக்‌ஷன்.

"சண்டேவா? சர்ச்சு முடிச்சிட்டு எங்க செக்‌ஷனையே கூட்டியாறேன் கவிதா. சாப்பாடு இன்னா?"

"பிரியாணி அண்ணி."

"ஆம்பூர்க்காரிங்களுக்கு வேலூர்ல பிரியாணியா? பேஜார் பண்ணாத. சாம்பார் சாதம் போடு, போதும்."

சொன்ன மாதிரியே பஸ் வந்துச்சு. பட்டுப்புடவையும் மல்லிப்பூவுமா அண்ணியோட செக்‌ஷனே இறங்குச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

மதிப்பீட்டாளர்தான் வரல. அவரோட டிரைவர் மேப்பை நம்பி லாங் பஜாருக்குள்ள வண்டியை விட்டுட்டார். முன்னாடி தள்ளுவண்டி, பின்னாடி தள்ளுவண்டி.

கண்ணாடி ஃபோட்டோவுல பளிச்சுனு அடிக்குதுன்னு அலமாரிக் கதவெல்லாம் நானே திறந்து வெச்சேன். அதோட விட்டேனா?

"சார் வர்றப்போ சும்மா நிக்காதீங்க அண்ணி. ஒவ்வொண்ணையும் உன்னிப்பா பாருங்க. மேலோட்டமா பாத்தா, நான் கூட்டிட்டு வந்த ஆளுங்கன்னு கண்டுபிடிச்சிடுவார்."

"அத எங்ககிட்ட சொல்றியா?"ன்னு அண்ணி சிரிச்சாங்க.

அந்தச் சிரிப்புலயே எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல. ரெஜிஸ்ட்ராரோடவும் சம்பத் சாரோடவும் கேட்டுக்குப் போய் மாலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

ஒருவழியா மதிப்பீட்டாளர் வந்தார். மாலை போட்டு, பேசிக்கிட்டே கூட்டிட்டு வந்து கதவைத் திறந்தேன்.

மியூசியம் பூரா சிவப்பு அம்புக்குறி!

ஷூ கம்பெனியில எங்க டேமேஜோ அங்க ஒட்டுவாங்களே, அந்தச் சின்ன ஸ்டிக்கர். அண்ணி ஹேண்ட்பேக்ல சீப்பு இருக்கோ இல்லையோ, அந்த ரோல் இருக்கும். பூட்ஸ்ல அம்பு. தோல் பையில அம்பு. கல் சிலையோட மூக்குல அம்பு. சுவத்துல இருந்த எங்க ஸ்தாபகர் படத்துல கூட ஒண்ணு. ஃபிரேம் கோணலாம்!

அதோட நிறுத்தல. எல்லாத்தையும் இறக்கி தரையில பிரிச்சு வெச்சிருந்தாங்க. ஒரு பக்கம் ரிப்பேர், ஒரு பக்கம் ரிஜெக்ட். ரிஜெக்ட் குவியல் உச்சியில சம்பத் சாரோட சேணம். இருக்கிறதுலயே ஜாஸ்தி அம்பு அதுலதான்.

சம்பத் சார் கதவைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்துட்டார்.

"ஸ்டிச்சிங் மொத்தமும் போச்சு சார்," அண்ணி ஆறுதலா சொன்னாங்க. "லெதர் வெடிச்சிருக்கு. இத வெளிய அனுப்பிடாதீங்க, வாங்குற பார்ட்டி திருப்பி அனுப்பிடுவான்."

"அண்ணி..."ன்னேன்.

"பயப்படாத கவிதா, ஒண்ணு பாஸ் ஆயிருக்கு!"

மேஜை மேல தனியா, பச்சை ஸ்டிக்கரோட என் கூஜா. அண்ணி அதைத் தலைகீழா திருப்பிக் காட்டினாங்க. "ஃபினிஷிங் ஏ ஒன். ஆனா கடை லேபிள பிய்க்கவே இல்ல பாரு."

பூமி பிளந்து என்னை விழுங்கிடாதான்னு பாத்தேன். பிளக்கல.

மதிப்பீட்டாளர் கூஜாவைப் பாத்தார். என்னைப் பாத்தார். ரிஜெக்ட் குவியல் பக்கத்துல போய்க் குந்தி உக்காந்து ஒவ்வொரு அம்பா பாத்தார். ரெஜிஸ்ட்ரார் அதுக்குள்ள ரூமை அளக்குற மாதிரி சுவத்தையே பாத்துக்கிட்டு இருந்தார்.

"இந்த வேலையை யார் பண்ணாங்க?"

எல்லாரும் என்னையே பாத்தாங்க. அண்ணி மட்டும் கையைத் தூக்கினாங்க. "நாங்கதான் சார். ஃபைனல் செக்கிங்." தூக்கின கையோட குனிஞ்சு, அவரோட ஷூவுல ஒரு அம்பு ஒட்டினாங்க. "சோல் வாயப் பொளக்குது சார். மழை வர்றதுக்குள்ள பாத்துக்கோங்க."

அவர் சிரிக்க ஆரம்பிச்சவர், நிறுத்த ரொம்ப நேரம் ஆச்சு.

"நான் எத்தனையோ மியூசியம் போயிருக்கேன். ஜனங்க கையைக் கட்டிக்கிட்டுப் பாப்பாங்க, போயிடுவாங்க. இவங்க ஒவ்வொண்ணுலயும் எங்க ரிப்பேர் பண்ணணும்னு தேடிப் பிடிச்சிருக்காங்க மேடம். யாரும் ஸ்டிக்கரைப் பிய்க்காதீங்க, பக்குவமா நாங்களே எடுக்குறோம்."

நிதி வந்துச்சு! கூட்டமைப்புல இருக்கிற எல்லா மியூசியத்துக்கும் ரிப்பேர் நிதி. அம்பு ஒட்டினதெல்லாம் சென்னைக்குச் சீர்படுத்தப் போகும். அம்பு ஜாஸ்தியா இருந்ததால முதல் இடம் சம்பத் சாரோட சேணத்துக்கு. அவர் இப்ப குரூப்ல அண்ணிக்கும் சேத்து குட் மார்னிங் போடுறார்.

அம்பு ஒட்டின எங்க பொருளும் ஒண்ணு விடாம லாரி ஏறிடுச்சு. மறுநாளே ரெஜிஸ்ட்ரார், ஏசி மெக்கானிக்கோட வந்து நின்னார்.

"ரூம் காலியாயிடுச்சேம்மா. வர்ற வரைக்கும் ப்ளேஸ்மென்ட்டுக்கு வெச்சுக்கலாமில்ல?"

"காலியில்ல சார். ஒரு பொருளாவது பார்வைக்கு இருக்கிற வரைக்கும் ரூமை மாத்தக் கூடாதுன்னு நிதி குடுத்தவங்க நிபந்தனை போட்டிருக்காங்க."

"எங்கம்மா இருக்கு?"

காட்டினேன். காலி அலமாரி நடுவுல பச்சை ஸ்டிக்கரோட ஜம்முனு நிக்குது கூஜா. அவர் அதைப் பாத்துட்டு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய்ட்டார்.

லேபிளை மட்டும் மாத்திட்டேங்க. 'காலம்: இந்த வருஷம். கிடைத்த இடம்: லாங் பஜார்.'