பதினாறு வெள்ளைப் பக்கங்கள்

ஒரு காட்டில் எல்லோரும் பேசுவார்கள், எழுதுகிறவர் மட்டும் ஒரே ஒருவர்தான். தாண்டவராயன் என்ற முள்ளம்பன்றி. தன் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்து, 'என் முதுகின் கதை' என்று பெயரும் வைத்தார்.

பதிப்பகம் நடத்திய யானை அதைப் படித்துவிட்டு, "உங்கம்மா இறந்த அத்தியாயம் மட்டும் நல்லாருக்கு. மத்ததுல பாதிய வெட்டணும்" என்றது. தாண்டவராயருக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. "உங்க தயவே வேணாம், நானே போட்டுக்கறேன்" என்று கிளம்பி வந்துவிட்டார்.

சொந்தப் பதிப்பில் சுகம் இருக்கத்தான் செய்தது. ஒரு வரியைக்கூட யாரும் வெட்டவில்லை. அட்டை முழுக்க அவர் முகம். முன்னுரையில் தன்னைத் தானே மனம்விட்டுப் பாராட்டிக்கொண்டார். அச்சாகி வந்ததைப் புரட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை, அவரும் அட்டையைத் தாண்டவில்லை. வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். அது முள்ளில் மாட்டிக் கிழிந்தது.

மறுநாள்தான் உள்ளே பிரித்தார். முப்பத்து மூன்றாம் பக்கம் முதல் நாற்பத்தெட்டு வரை வெறும் வெள்ளைத் தாள். எல்லாப் பிரதியிலும் அப்படித்தான். அம்மா வலையில் சிக்கி இறந்ததை அழுதழுது எழுதியிருந்தார். அந்த அத்தியாயமே காணோம்.

மானம் போயிற்றே என்று பதறி, விழாவில் புத்தகம் வாங்கிப்போன வீடுகளுக்கு ஓடினார். மான் அவரைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "உங்கம்மா போற இடம் இருக்கே, ரெண்டு தடவ படிச்சேங்க." பொருளடக்கத்தில் அந்த அத்தியாயத்தின் தலைப்பு மட்டும் இருந்தது. விழாவில் ஒரு மணி நேரம் பேசிய நரி, "அந்த அத்தியாயத்துல ஒரு வார்த்தைகூட அதிகம் இல்ல" என்றது. அதில் பொய் இல்லை.

ஏழு வீடு ஏறி இறங்கியதும் பயம் போய்த் துக்கம் வந்தது. யாராவது ஒருவர் திட்ட மாட்டார்களா என்று ஏங்கிப்போனார்.

கடைசி வீட்டுக் குரங்கு அஞ்சலைதான் கேட்டாள். "நடுவுல பதினாறு பக்கம் வெள்ளையா இருக்கே, அண்ணே?"

தாண்டவராயருக்குக் கண் நிறைந்துவிட்டது. கட்டிக்கொள்ளப் போனவர், முள் நினைவு வந்து கும்பிட்டு நின்றார். "மன்னிச்சிடும்மா. அடுத்த பதிப்புல நிரப்பிடறேன்."

"ஐயோ, வேணாம்ணே. எம் பிள்ளைங்க படம் வரையறதே அதுலதான். முடிஞ்சா மத்த பக்கத்தையும் அப்படியே விட்டுடுங்க."

இரண்டாம் பதிப்பு அவள் சொன்னபடியே முழுக்க வெள்ளையாக வந்தது, ஒரே வாரத்தில் தீர்ந்தது. மூன்றாம் பதிப்பைக் கேட்டு யானையே வீடு தேடி வந்தது.

"இப்பத்தான் சரியா வெட்டியிருக்கீங்க" என்றது.

நீதி: புத்தகம் விற்க வேண்டுமானால், எழுத்தாளர் அதற்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.