பெரிஸ்கோப் தூக்காத கேப்டன்

உலகத்தின் தலைசிறந்த நீர்மூழ்கிக் கப்பல் கேப்டன் மதுரை செல்லூரில் ஒரு மாடி போர்ஷனில் வசிக்கிறார். இது எந்த நாட்டுக் கடற்படைக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அவருடைய திறமையே.

கேப்டன் சவரியப்பன் பகலில் பள்ளிக்கூட கிளார்க். சாயங்காலம் ஆனால் கம்ப்யூட்டர் விளையாட்டில் கடலுக்கடியில் இருப்பார். அந்த விளையாட்டில் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்க்கும் பெரிஸ்கோப் குழாயைத் தூக்கினால் எதிரிக் கப்பல் தெரியும். எதிரிக்கும் நாம் தெரிந்துவிடுவோம். எதிரியைத் தேடி சோனார் ஒலியை அனுப்பினாலும் அதே கதிதான். மற்றவர்கள் கொஞ்சம் பார்ப்பார்கள், கொஞ்சம் பதுங்குவார்கள். கேப்டன் பார்ப்பதையே விட்டுவிட்டார். நான்கு வருடத்தில் அவர் ஒரு கப்பலையும் மூழ்கடித்ததில்லை. அவரையும் எவனும் கண்டுபிடித்ததில்லை. இதற்கு அவர் வைத்த பெயர் 'வெற்றி'.

இப்பேர்ப்பட்ட வீரரை அண்ணனாகப் பெற்ற ஆன்மேரிக்கு வாடிப்பட்டியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பெயர் ஜெரால்ட்.

“யாருக்கும் தெரியாம விசாரிண்ணே. ஆனா நல்லா விசாரிச்சிரு. என் வாழ்க்கை,” என்றாள்.

“தெரியாமத்தானே? அம்புட்டயும் எங்கிட்ட விடு.”

மாப்பிள்ளை வீட்டுக்கு எதிரே சிவனாண்டியின் டீக்கடை. கேப்டன் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றாமலே மூன்று நாள் அங்கே டீ குடித்தார். மூன்றாம் நாள் சிவனாண்டிக்கே பொறுக்கவில்லை.

“ஜெரால்டப் பத்தி விசாரிக்க வந்தீகளாண்ணே?”

“எந்த ஜெரால்ட்?”

“கேளுங்கண்ணே. சொல்லத்தானே காத்துக்கெடக்கேன்!”

“நான் டீயத் தவிர எதையும் கேக்கல.”

எதிரி சோனார் அனுப்புகிறான் என்பது கேப்டனுக்குப் புரிந்துவிட்டது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். வீட்டில் 'அறிக்கை' சமர்ப்பித்தார்: “குறைன்னு ஒரு சொல் காதுல விழல.” சத்தியமான உண்மை. விழ விட்டால்தானே!

அதை நம்பிச் சம்பந்தம் முடிவாகி, மாதா கோயிலில் திருமண ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்றாவது ஞாயிறும் பங்குச்சாமியார் கேட்டபோது, கைக்குழந்தையோடு ஒரு பெண் எழுந்தாள்.

“தடை இருக்கு சாமி. ஜெரால்டு என் புருஷன்.”

மேலூரிலிருந்து அவளைக் கூட்டி வந்தவர் டீக்கடை சிவனாண்டி. ஆன்மேரி நேரே அவரிடம் போனாள்.

“முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?”

“யாருகிட்டம்மா சொல்ல? ஹெல்மெட்டு மாட்டுன ஒருத்தரு வந்தாரு. சொல்ல வாயத் தொறந்தேன், ஓடிட்டாரு.”

கேப்டன் தங்கையின் காதருகே குனிந்தார். பெருமை தாங்கவில்லை.

“பாத்தியா? இப்ப வரைக்கும் நான் யாருன்னு அந்தாளுக்குத் தெரியல.”

“எனக்குத் தெரிஞ்சுபோச்சுண்ணே,” என்றாள் ஆன்மேரி.