அண்ணன் கோட்டும் சூரிக் முட்டையும்

நான் கருமி. இதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் மகள் தர்ஷினி இன்னும் இரண்டு கதை சேர்த்துச் சொல்வாள். கிள்ளான் பாசாரில் மீன் வாங்கினால் கறிவேப்பிலை சும்மா கேட்பேன். மீன்காரரிடம் கறிவேப்பிலை ஏது என்றால், பக்கத்துக் கடையில் வாங்கித் தரச் சொல்வேன். (வாங்கியும் தந்திருக்கிறார். என் வாய் அப்படி.)

இப்படிப்பட்ட ஒருத்தியை ஐரோப்பாவுக்கு அனுப்பியது தர்ஷினி செய்த தப்பு. எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மலிவு டிக்கெட் கிடைத்ததென்று சூரிக் நகரத்துக்கு எடுத்துக் கொடுத்துவிட்டாள். அந்த ஊரில் தண்ணீர் பாட்டில் விலையைப் பார்த்ததுமே எனக்குத் தாகம் அடங்கிவிட்டது. நல்ல வேளையாகப் பை நிறைய பாக்கெட் காப்பியும் மீ நூடுல்ஸும் நெத்திலி சம்பாலும் கொண்டுபோயிருந்தேன்.

என் வீட்டுக்காரர் ரயில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்க, ஸ்டேஷன் வாசலில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் காப்பியை ஸ்ட்ரா போட்டு நின்றபடியே உறிஞ்சியவர். எதையும் ஆசைப்பட்டுக் கேட்க மாட்டார். (கல்யாணத்துக்கு என்னைக் கேட்டதே அவர் அம்மாதான்.) விமானம் ஏறும்போது மட்டும் ஒன்று சொன்னார்.

“மணி, அங்க பெரிய ஏரி இருக்காம். ஏரியப் பாத்து உக்காந்து, நல்ல கப்புல ஒரு காப்பி குடிக்கணும். அது போதும் எனக்கு.”

“அதுக்கென்னங்க, குடிச்சாப் போச்சு,” என்றேன் பெருந்தன்மையாக. அப்போது நான் விலைப்பலகையைப் பார்த்திருக்கவில்லை.

பார்த்த பிறகு கதை மாறியது. ஏரிக்கரையில் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு காப்பிக் கடை. தினமும் அதைக் கடக்கும்போது அவர் நடை தானாகத் தளரும். நான் ஃப்ளாஸ்கைத் தட்டிக் காட்டுவேன். “இங்க இருக்குங்க, சூடா.” அவரும், “சரி லா, நாளைக்குப் பாக்கலாம்,” என்பார். இப்படியே நாளைகள் தீர்ந்து கடைசி நாள் வந்துவிட்டது.

அன்று காலை ஹோட்டலில் பசியாறும்போது ஒரு கூடை நிறைய முட்டைகளைப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு தொட்டியில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டி கழுவ வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முன்னால் ஜெர்மன் மொழியில் ஏதோ ஓர் அட்டை. வெந்த முட்டைக்கு விளக்கம் எதற்கு என்று அதையும் விட்டுவிட்டேன். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகும் தாப்பாவ் பழக்கம் நமக்கு ரத்தத்தில் ஊறியதாயிற்றே. நாலு முட்டையை எடுத்து அவருடைய கோட் பைகளில் பக்கத்துக்கு இரண்டாகப் போட்டேன்.

“எடுக்கலாமா மணி?”

“காசு கட்டியாச்சு. இங்க தின்னா என்ன, அங்க தின்னா என்ன? பேசாம வாங்க.”

அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூச்சோங்கில் இருக்கும் என் அண்ணனிடம் வாங்கிய இரவல் கோட் அது. “எப்படிக் குடுத்தேனோ அப்படியே வரணும், மணி,” என்று அண்ணி வாசல் வரைக்கும் வந்து சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்தக் காப்பிக் கடைக்கு நேர் எதிரே, ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் கொஞ்சம் தொப்பென்றே உட்கார்ந்தார். பிறகு முட்டை எடுக்கக் கோட் பைக்குள் கைவிட்டார். கை உள்ளேயே நின்றுவிட்டது.

“மணி, முட்டை வேகல.”

“குளிர்ல அப்படித்தாங்க இருக்கும்.”

“இல்ல மணி. வேகவே இல்ல.”

“வெந்த முட்டைதான். நான் பாத்துதானே எடுத்தேன்?”

எங்கள் வீட்டில் வாக்குவாதம் என்றால் ஜெயிப்பது நான்தான். அதை நிரூபிக்க, அடுத்த பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து பெஞ்சு விளிம்பில் ஓங்கித் தட்டினேன். அது என் விரல் வழியாக இறங்கி, கோட்டில் அதுவரை தப்பித்திருந்த இடமாகப் பார்த்து விழுந்தது. கரையோரம் வந்த ஓர் அன்னம் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

ஹோட்டலில் கொதித்த அந்த வெந்நீர், முட்டையை நாமே வேகவைத்துக்கொள்ளத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அண்ணியின் முகம் கண்முன்னால் வந்து நின்றது. காய்வதற்குள் கழுவ வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கக்கூடிய இடம் அந்தக் காப்பிக் கடைதான். மஞ்சள் வழிந்த கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முருகனைக் கும்பிடுகிறவள் மாதிரி உள்ளே நுழைந்தேன். பரிமாறும் பெண், பின்னால் வந்த அவரையும் சேர்த்து, எங்களை மேலும் கீழும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் ஈரத்துணி கொடுத்து, கழிப்பறையைக் காட்டினாள். சும்மா போக மனசு வரவில்லை. “ஒன் காப்பி,” என்றேன். ஒன்றுதான்.

கோட்டைக் கழுவி, கை காயவைக்கும் மெஷினுக்குக் கீழே பிடித்து, முடிந்தவரை போராடிவிட்டு வெளியே வந்தேன். அவர் ஜன்னலோரமாக மெல்லிய சுவெட்டரோடு உட்கார்ந்திருந்தார். எதிரே வெள்ளைக் கோப்பை. அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. காப்பியோடு வந்த சின்ன சாக்லேட்டை என் பக்கமாக நகர்த்தி வைத்திருந்தார். 

“ஆறிடப் போகுது, குடிங்க.”

“நீ வரட்டும்னுதான்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனூண்டு ஆசை. அதற்கு இந்த மனிதரை நாள் தவறாமல் இந்த வாசல் வழியாகவே நடத்திக் கூட்டிப் போயிருக்கிறேன். கையை உயர்த்தி, அந்தப் பெண்ணிடம் இன்னொரு காப்பி சொன்னேன். அவர் கோப்பையை விட்டுவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“காய்ச்சலா?”

“சும்மா இருங்க.”

ஒரு வாய் குடித்தார். ஏரியைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார். “அந்த முட்டை மொத நாளே உடைஞ்சிருக்கலாம்.”

வாசம் போகவில்லை என்று அண்ணி கோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கிள்ளான் வெயிலில், எங்கள் அலமாரியில் அது சும்மா தொங்குகிறது.

போன மாதம் தர்ஷினியோடு நாங்கள் போனபோது, பிரிக்ஃபீல்ட்ஸில் புதிதாகத் திறந்த ஒரு காப்பிக் கடை வாசலில் விலைப்பலகையைப் பார்த்தேன். “வாங்க, வீட்டுல நானே போட்டுத் தரேன்,” என்று வழக்கம்போலத் திரும்பினேன். யாரும் நகரவில்லை.

“அப்பா, பாக்கெட்ல முட்டை இருக்கா?” என்றாள் தர்ஷினி.

“நாலு இருக்குது லா,” என்றார் அவர்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போனேன்.