அனுமதிக்கப்பட்ட ஆடு

திரைப்படத் தணிக்கைக் குழு என்பது தேசத்தின் ஒழுக்கத்தையும் மக்களின் தூக்கத்தையும் ஒருசேரக் காக்கும் உன்னத அமைப்பு. வார்சாவில் அது வியாழக்கிழமைதோறும் கூடியது. கண்ணாடித் தம்ளரில் தேநீர் வரும், கசகசா கேக் வரும். எதையும் வெட்டாமல் எழுந்து போனால் சும்மா உட்கார்ந்திருந்ததாக மேலிடம் நினைத்துவிடுமே என்று எதையாவது வெட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

இது எல்லா இயக்குநர்களுக்கும் தெரியும். அதனால் வெட்டுவதற்கென்றே ஒரு அபத்தத்தைப் படத்தில் வைத்து அனுப்புவார்கள். ஒருவர் சவ ஊர்வலத்தின் குறுக்கே வெள்ளை நாயை ஓட விடுவார். இன்னொருவர் பாதிரியாரைச் சைக்கிளோடு குளத்தில் தள்ளுவார். குழு அதைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் மல்லுக்கட்டும். மற்றதெல்லாம் தப்பித்துவிடும்.

ஸெனான் ரடெக் தன் முதல் படத்தில் வைத்தது ஓர் ஆடு. கல்யாண விருந்து மேசைமேல் ஏறி நின்று, நாலு நிமிடம் காமிராவையே பார்க்கும். அவர் காப்பாற்ற நினைத்தது வேறு. போலீஸ் சுட்ட வேலைநிறுத்தத்தன்று ஆலைக்குள் போன மகனுக்காக ஒரு தாய் சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் காத்து நிற்கும் காட்சி. மகன் வருவதில்லை. அப்படி வராமல் போனவன் ஸெனானின் அண்ணன். காமிரா முன்னால் நின்றதும் அவருடைய சொந்த அம்மாதான். அந்த ஒரு காட்சிக்காகத்தான் அவர் சினிமாவுக்கே வந்தார்.

"ஒரு ஆடு போதுமாய்யா?" என்று கேட்டாள் எடிட்டர் போகுஷா.

"ஒண்ணே அவங்களுக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்கும்" என்றார் ஸெனான்.

அவருடைய கெட்ட நேரம், குழுவுக்குப் புதுத் தலைவி வந்திருந்தார். தோழர் பிஸ்கோர்ஸ்கா அப்போதுதான் பாரிஸ் போய்விட்டு வந்தவர். புரியாத படங்களுக்கே உலகம் பரிசு கொடுக்கிறது என்ற மாபெரும் உண்மையை அங்கே கண்டறிந்திருந்தார்.

"அந்த ஆடு என்ன சொல்ல வருது தோழர்?"

"ஒண்ணுமில்லைங்க. எடுத்துடலாம்" என்றார் ஸெனான் பெருந்தன்மையோடு.

"எடுக்கிறதா? எனக்கு ஒண்ணுமே புரியலை. அதனால அதுல ஆபத்து இல்லை. ஆனா அந்தம்மா ஏன் நிக்கிறாங்கன்னு எனக்கே புரியுதே. எனக்கே புரிஞ்சா ஜனங்களுக்குப் புரியாதா?"

இந்த வாதத்தை யாராலும் மறுக்க முடியவில்லை. 'புரியும் பகுதிகள் நீக்கப்பட்டு, ஆடு உரிய அளவில் நீட்டிக்கப்பட வேண்டியது' என்று தீர்மானம் நிறைவேறியது. அம்மா வெளியே போனாள். ஆடு பதினோரு நிமிடம் ஆனது.

படம் வெளிநாட்டில் பெரிய பரிசு வாங்கியது. ஆடுதான் ஐரோப்பாவின் மனசாட்சி என்றார் ஒரு விமர்சகர், இல்லை, அது கடவுள் என்றார் இன்னொருவர். வார்சா காப்பிக் கடைகளில் இளைஞர்கள் ஆட்டுத்தாடி வளர்த்துக்கொண்டு, பேசாமல் ஒருவரையொருவர் வெறித்தார்கள். ஸ்டூடியோ ஆட்டை இரண்டாம் நிலைக் கலைஞராக நியமித்தது. வருடத்துக்கு இரண்டு வாரம் கடற்கரை விடுமுறையும் உண்டு. புதுப்பட விண்ணப்பத்தில் 'ஆடு உண்டா, இல்லையெனில் காரணம்' என்று ஒரு கட்டம் முளைத்தது.

ஸெனான் ஏழு படம் எடுத்தார். ஒவ்வொன்றிலும் அம்மாவை நைசாக நுழைத்தார். ஏழு முறையும் அம்மா வெளியே, ஆடு உள்ளே. "உன்னைப் பெரிய திரையில காட்டுறேம்மா" என்று வருடாவருடம் சொல்லிச் சொல்லி அவருக்கே வெட்கமாகிவிட்டது.

கடைசியில் ஆட்சி கவிழ்ந்தது. தணிக்கை அறை சோபா விற்கும் கடையானது. ஸெனானும் போகுஷாவும் முதல் படத்தின் பழைய டப்பாவைத் திறந்து, ஆட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, அம்மாவை ஒட்டினார்கள். வூட்ஜ் நகரின் பெரிய தியேட்டரில் படத்தைப் போட்டார்கள். முன்வரிசையில் எண்பது வயது அம்மா.

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் ஆட்டுத்தாடிக்காரர்கள் எழுந்தார்கள். சுதந்திரம் வந்து முதல் வேலையாக ஆட்டை வெட்டிவிட்டார்களே, இதுதானா ஜனநாயகம் என்று கேட்டார்கள். இப்போது அந்தச் சோபாக் கடையில் வேலை பார்க்கும் பிஸ்கோர்ஸ்காவும் வந்திருந்தார்; அவர்தான் எல்லாரையும்விட உரக்கக் கேட்டார்.

ஸெனான் யாரையும் சட்டை செய்யவில்லை. நேராக அம்மாவிடம் போய், எப்படி இருந்தது என்று கேட்டார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லாத்தான் இருந்துச்சுடா. ஆனா அவ்வளவு நேரம் நான் மட்டும் தனியா நிக்கிறதப் பாக்க எனக்கே பாவமா இருந்துச்சு. பக்கத்துல அந்த ஆடாவது நின்னிருக்கலாம்."

திங்கட்கிழமை காலை, அம்மா பக்கத்தில் நிறுத்த ஓர் ஆட்டைப் பிடித்துவர ஸெனான் ஆள் அனுப்பினார். இந்த முறை யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.